உயர்த்திய ஜீப்பின் ஓசைகள்

இலக்கியம் பேசும் இடத்தில் பழைய ஜீப் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துகிறேனே என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் இலக்கணம் நடத்தி வருகிறேன். ஒலிக்குறிப்புச் சொற்கள் என்றால் தேர்வில் இரண்டு மதிப்பெண் வினா என்பதற்கு மேல் நானும் அவற்றைப் பெரிதாக மதித்ததில்லை. ஒரு சத்தத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் போனால் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை வேங்கிக்காலில் ஒரு தகரக் கொட்டகையின் கீழ்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டுக் கணக்கில் அந்த விலை 19,000 ரூபாய். ஜவ்வாது மலை இறக்கத்தில் அது இன்னும் பெரிய விலையாக ஆகியிருக்கவும் கூடும்.

என் மனைவியின் தம்பி சாமையும் புளியும் வாங்கி விற்பவர். மாதத்தில் பாதி நாட்கள் போளூர் வழியாக மலையேறி ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்குப் போய்வருவார். பெரிய சாலை நன்றாகத்தான் இருக்கிறது. அதிலிருந்து பிரிந்து ஊர்களுக்குள் இறங்கும் கிளைப் பாதைகள்தாம் கல்லும் பள்ளமுமாகக் கிடப்பவை. அந்தப் பாதைகளுக்காகவே இருபத்தைந்து வயது தாண்டிய ஒரு ஜீப்பை அவர் விடாமல் வைத்திருக்கிறார். மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பொருத்தத் தொடங்கிய காலத்திலிருந்து பல பத்தாண்டுகளுக்கு இந்த வகை வண்டியின் எலும்புக்கூடு பெரிதாக மாறவே இல்லை. ஏணி போன்ற அடிச்சட்டம். முன்னும் பின்னும் ஒரே தண்டாக ஓடும் அச்சு. அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே அடுக்கடுக்கான வில்பட்டைகள். பட்டறைகளில் ‘பிளேட்டு’ என்பார்கள். யாரும் எங்கேயும் பழுது பார்க்கக்கூடிய எளிய அமைப்பு. அந்த எளிமைதான் நம்மைத் துணிச்சல்காரர்களாகவும் ஆக்கிவிடுகிறது.

வண்டியின் அடிவயிறு கல்லில் இடிக்கிறது என்று மைத்துனர் வெகுநாளாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். வெளியூர்ப் பட்டறை ஒன்றில் அதற்கு ஒரு வழி சொன்னார்கள். ஒவ்வொரு பிளேட்டு அடுக்கிலும் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தார்கள். முன்புறம் பட்டையின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ‘ஷேக்கிள்’ என்னும் தொங்கு இணைப்பை நீளமானதாக மாற்றினார்கள். அகலமும் உயரமும் கூடிய டயர்களைப் போட்டார்கள். வண்டி மூன்று அங்குலம் உயர்ந்தது. பார்ப்பதற்குக் கம்பீரமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

ஒரு வாரத்துக்குள் சத்தங்கள் ஆரம்பித்தன.

“ஒரு மாதிரி சத்தம் வருது மாமா” என்றார் மைத்துனர். நானும் உட்கார்ந்து போய்ப் பார்த்தேன். எனக்கும் ‘ஒரு மாதிரி’யாகத்தான் கேட்டது. பட்டறைக்குப் போய் அதே சொல்லைச் சொன்னோம். முதல் இடத்தில் ஸ்டியரிங்கை முன் சக்கரங்களோடு இணைக்கும் தண்டுகளின் மூட்டுகளை மாற்றினார்கள். சத்தம் போகவில்லை. இரண்டாவது இடத்தில் ஷாக் அப்சார்பர் நான்கும் புதிது. போகவில்லை. மூன்றாவது இடத்தில் முன்சக்கரப் பேரிங்குகள். போகவில்லை. “பழைய வண்டி சார், வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும், ஓட ஓடப் பழகிடும்” என்பது மூன்று இடத்திலும் கிடைத்த பொதுத் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பை மறுக்கத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ஒரு வண்டியை உயர்த்திய மறுவாரம் அதன் முன்பகுதியில் சத்தம் எழுந்தால், அதற்கு வயதைப் பழி சொல்வது சோம்பல். போன மாதமும் அந்த வண்டிக்கு அதே வயதுதான். மாறியது உயரம். உயரம் மாறியபோது அதோடு சேர்ந்து மாறியவை எவையெவை என்று வரிசையாகக் கேட்பதே முறை. பட்டறைக்காரர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் கழற்றிக் காட்டிய பொருள்கள் கொஞ்சம் தேய்ந்தவைதாம். பழைய வண்டியில் எதைக் கழற்றினாலும் கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கும். தேய்மானம் இருப்பது வேறு, அதுவே நோய்க்குக் காரணமாக இருப்பது வேறு.

*

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைத் தாண்டி வேலூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், வேங்கிக்காலில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில், அந்தக் கொட்டகை இருக்கிறது. வெளியே ஒரு லாரியின் பின்னச்சு வெகுகாலமாகக் கிடக்கிறது. அங்கே வேலை செய்யும் மேஸ்திரிக்கு அறுபதை நெருங்கும் வயது. வேறு வழி தெரியாமல்தான் அவரிடம் போனோம்.

மைத்துனர் வழக்கம்போல் ஆரம்பித்தார். “முன்னாடி ஒரு மாதிரி சத்தம் வருதுண்ணே...”

“இன்னா சத்தம்னு அப்பால சொல்லு தம்பி. எப்ப வருதுன்னு மொதல்ல சொல்லு.”

எங்கள் இருவருக்கும் பதில் தெரியவில்லை. மேஸ்திரி வண்டியைத் தொடவே இல்லை. “போய் ஓட்டிட்டு வா. வேகத்தடையில ஏறும்போதா, எறங்கும்போதா. பிரேக் போடும்போதா, விடும்போதா. நின்ன எடத்துல ஸ்டியரிங்கத் திருப்புனா வருதா. வேகம் கூடுனா கூடுதா. பாத்துட்டு வந்து சொல்லு. சார், நீங்களும் போங்க. வாத்தியார்தானே, எழுதிக்குங்க” என்று அனுப்பிவிட்டார்.

ஏரிக்கரைப் பக்கமும் சாலையிலும் ஒரு மணி நேரம் சுற்றினோம். நான் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். அதுவரை ‘ஒரு மாதிரி’ என்று ஒற்றைச் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தது, எழுத எழுத நான்கு சத்தங்களாகப் பிரிந்தது.

வேகத்தடையில் ஏறும்போது ஒன்றுமில்லை. ஏறி இறங்கி முன்பகுதி மேலெழும் கணத்தில் ஒரே ஒரு ‘டொக்’. பிரேக்கை அழுத்தினால் ஒரு ‘டக்’, பின்பக்கமாக வந்து பிரேக் போட்டால் மறுபடி ஒரு ‘டக்’. மெதுவாகப் பள்ளம் மேட்டில் போகும்போது ‘கிறீச் கிறீச்’ என்று கட்டில் கயிறு முனகுவதைப் போன்ற ஒலி. நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் அடியிலிருந்து ‘கிர்ர்ர்’ என்று எழுந்து கால் பலகை வரை அதிரும் ஓர் இரைச்சல்.

திரும்பி வந்து படித்துக் காட்டினேன். மேஸ்திரி தலையை ஆட்டினார். “இப்ப பாதி வேலை முடிஞ்சுது” என்றார்.

இங்கேதான் என் பாடப்புத்தகம் எனக்கு நினைவுக்கு வந்தது. இரட்டித்து நிற்கும் சொல் பிரிந்து தனியே ஒலிக்காது என்பது கிளவியாக்கத்தில் தொல்காப்பியர் சொல்லும் விதி. அடுக்குத்தொடர் அப்படியன்று; பிரித்தாலும் பொருள் தரும். இதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். மாணவர்களும் சலசல, கலகல என்று எழுதி மதிப்பெண் வாங்கிப் போய்விடுகிறார்கள். வண்டியின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த வேறுபாட்டுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்று தோன்றியது. பிரித்து எண்ணக்கூடிய ஓசை, அதாவது ஒரு ‘டொக்’, ஒரு ‘டக்’, ஏதோ ஒன்று ஓரிடத்தில் தளர்ந்திருந்து இடிக்கிறது அல்லது தன் எல்லையில் போய் முட்டுகிறது என்பதன் அடையாளம். பிரிக்க முடியாமல் தொடர்ந்து ஓடும் ஓசை, ஏதோ ஒன்று சுழல்கிறது என்பதன் அடையாளம். இது முற்ற முடிந்த விதி அல்ல; ஆனால் முதல் படிக்கு இது போதும். மூட்டையும் பேரிங்கையும் ஒரே சந்தேகத்தில் மாற்றிய எங்கள் பணத்தில் பாதியாவது இந்த ஒரு வேறுபாடு தெரிந்திருந்தால் மிஞ்சியிருக்கும்.

உரிச்சொல்லுக்கு இலக்கணம் சொல்லும்போதும் தொல்காப்பியர் இசை, குறிப்பு, பண்பு என்று இசையைத்தான் முதலில் வைக்கிறார். தமிழில் ஓசைக்குப் பஞ்சமில்லை. லொடலொட, கடகட, நறநற, கிறீச், விர், பட், சடக் என்று எத்தனையோ உண்டு. நம்மிடம் பஞ்சமாகிப்போனது, கேட்டதைப் பிரித்துச் சொல்லும் பழக்கம்தான்.

*

இனி, ஒவ்வொரு சத்தத்துக்கும் என்ன காரணம் என்று சொல்கிறேன். சொந்தமாகப் பழைய ஜீப்போ சுமைவண்டியோ வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும். இல்லாதவர்களும் ஒரு துப்பறியும் கதையைப் போல வாசிக்கலாம்.

மேஸ்திரி முதலில் தவறினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைவினைஞர்களைப் பற்றி எழுதும்போது அவர்களை ஞானிகளாக்கிவிடுவது நம் எழுத்தாளர்களுக்கு ஒரு பலவீனம். பிரேக் போடும்போது வரும் ‘டக்’ ஓசையைக் கேட்டதும் “கிங் பின்” என்றார். முன்சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்கு ஆதாரமான அச்சாணி அது. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, சட்டத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு, மேலும் கீழுமாக இரு கைகளால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கிங் பின்னிலோ சக்கரப் பேரிங்கிலோ தளர்ச்சி இருந்தால் இந்த ஆட்டத்தில் தெரியும். பிறகு இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினார். ஸ்டியரிங் தண்டுகளின் மூட்டுகள் தளர்ந்திருந்தால் இதில் தெரியும். இரண்டிலும் ஒன்றுமில்லை. “நான் சொன்னது தப்பு” என்று எழுந்துவிட்டார். அவரிடம் எனக்கு மதிப்பு வந்தது அந்தச் சொல்லில்தான். முந்தைய மூன்று இடங்களிலும் ஊகம் தவறியபோது அடுத்த பொருளுக்குப் போனார்களே தவிர, தவறியதாக யாரும் சொல்லவில்லை.

பிறகு மைத்துனரை இருக்கையில் உட்காரவைத்து, வண்டியை ஓரடி முன்னும் ஓரடி பின்னும் நகர்த்தி நகர்த்திப் பிரேக் போடச் சொன்னார். தான் பக்கவாட்டில் சற்றுத் தள்ளிக் குந்தி, பட்டையும் அச்சும் சேரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அச்சையும் பட்டை அடுக்கையும் சேர்த்துக் கட்டும் யு போல்ட்டுகள் தளர்ந்திருந்தன. பட்டை ஒன்று கூடியபின் பழைய யு போல்ட்டுகளையே இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அடுக்கின் தடிமன் கூடியதால் மரையில் நட்டுப் பிடிக்கப் போதிய இடமில்லை. ஏற்கெனவே இழுபட்ட போல்ட்டை மறுபடி பயன்படுத்தியதால் பிடிமானமும் குறைவு. புதிய யு போல்ட் போட்டிருந்தாலும்கூடச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை இறுக்கித் தீர வேண்டும், ஏனெனில் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உட்காரும்போது இறுக்கம் குறையும். இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அச்சு இம்மியளவு நகர்ந்து ‘டக்’ என்றது. இது நீடித்திருந்தால் பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் செண்டர் போல்ட் வெட்டுப்பட்டு, அச்சே கோணிக்கொள்ளும்.

‘டொக்’ என்பதன் கதை இன்னும் வேடிக்கையானது. அது ஷாக் அப்சார்பரிலிருந்துதான் வந்தது. நாங்கள் ஏற்கெனவே மாற்றிய புத்தம் புதிய ஷாக் அப்சார்பர்! வண்டி மூன்று அங்குலம் உயர்ந்துவிட்டது. ஷாக் அப்சார்பரோ பழைய நீளத்திலேயே வாங்கப்பட்டது. மேட்டிலிருந்து இறங்கி சக்கரம் கீழே தொங்கும்போது அது முழு நீளத்துக்கும் இழுபட்டுத் தன் எல்லையில் முட்டியது. அதனால்தான் ஏறும்போது சத்தமில்லை. தேய்ந்த பொருளுக்குப் பதிலாகப் புதிய பொருளை வைத்தோம். பொருந்தாத அளவுக்குப் பதிலாக அதே பொருந்தாத அளவை வைத்தோம். புதிது என்பதும் பொருத்தமானது என்பதும் ஒன்றல்ல.

முனகலுக்குக் காரணம் பட்டை முனைகளிலுள்ள ரப்பர் புஷ்கள். வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே அவற்றின் போல்ட்டுகளை முழுக்க முறுக்கிவிட்டார்கள். வண்டி தரையில் இறங்கிப் பாரம் ஏறியதும் பட்டை நிமிர்கிறது. ரப்பரோ முறுக்கிய நிலையிலேயே பிடிபட்டுக் கிடக்கிறது. எந்நேரமும் திருகப்பட்ட காதைப் போல. அது முனகும், சீக்கிரமே கிழியும். போல்ட்டைக் கையளவு மட்டும் பிடித்துவிட்டு, வண்டி தன் கால்களில் நின்றபின் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. தெரிந்தவர்களும் அவசரத்தில் தவறவிடும் வேலை.

நாற்பதைத் தாண்டினால் எழும் இரைச்சல்தான் கடினம். மூன்றாவது பட்டறையில் பேரிங்கை மாற்றியது இதற்காகத்தான். பேரிங் இரைச்சல் என்றால் ஓடும்போது இடமோ வலமோ மெல்ல வளைத்தால் பாரம் மாறி ஒலி கூடும் அல்லது குறையும்; எங்கள் குறிப்பில் அப்படி ஒன்றும் இல்லை. மேஸ்திரி முன் அச்சுக்கு ஓடும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, “பின்சக்கர இழுவையிலேயே போய்ட்டு வா” என்றார். போனோம். ஐம்பதிலும் அமைதி.

காரணம் இதுதான். அந்தத் தண்டின் இரு முனைகளிலும் ‘கிராஸ்’ எனப்படும் சிலுவை மூட்டுகள் இருக்கின்றன. அத்தகைய மூட்டு கோணத்தில் சுழலும்போது ஒரு சுற்றுக்கு இருமுறை அதன் வேகம் கூடிக் குறையும். இரு முனைகளிலும் கோணம் சமமாக இருந்தால் ஒன்றின் ஏற்றத்தாழ்வை மற்றது சரிக்கட்டிவிடும். நீளமான ஷேக்கிளைப் போட்டதால் முன் அச்சே சற்றுச் சுழன்று சாய்ந்துவிட்டது. இரு கோணங்களும் இப்போது வேறுவேறு. முன் சக்கரங்களைத் தனியே விடுவிக்கும் வசதி இல்லாத இந்த வண்டியில், இழுவை கொடுக்காதபோதும் சக்கரங்களே அந்தத் தண்டைச் சுழற்றிக்கொண்டிருக்கும். ஆகவே எப்போதும் அதிர்வு. அதே சாய்வினால் இன்னொரு கேடும் நேர்ந்திருந்தது. மிதிவண்டியின் முன் கவட்டை சற்றுச் சரிந்திருப்பதும் கையை விட்டாலும் அது நேராகப் போக உதவுகிறது. ஜீப்பின் கிங் பின்னும் அப்படிச் சரிந்திருக்க வேண்டும். அந்தச் சரிவு குறைந்துபோய், திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வர மறுத்தது. மைத்துனர் அதைப் பெரிய டயரின் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நான்கு சத்தங்கள், நான்கு காரணங்கள். எந்த உறுப்பும் தன்னளவில் கெட்டுப்போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். போல்ட்டுக்கும் பட்டைக்கும் இடையே பொருத்தமில்லை. ஷாக் அப்சார்பருக்கும் உயரத்துக்கும் பொருத்தமில்லை. ரப்பருக்கும் பாரத்துக்கும், தண்டுக்கும் அச்சுக்கும் பொருத்தமில்லை. தனித்தனியாக எதை மாற்றினாலும் தீராத நோய் இது. ஓரிடத்தில் மட்டும் உயர்த்தி, மற்றவற்றை இருந்த இடத்திலேயே இருக்கச் சொன்னதன் விளைவு.

*

இதுவரை சொன்னது சத்தம் போட்டவை. என்னை உலுக்கியது சத்தம் போடாத ஒன்று.

தண்டைக் கழற்றுவதற்காகச் சட்டத்துக்கு முட்டுக் கொடுத்து வண்டியைத் தூக்கி வைத்திருந்தபோது முன் அச்சு முழுவதும் கீழே தொங்கியது. மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, “இங்க பாருங்க சார்” என்றார். சட்டத்திலிருந்து முன் அச்சுக்கு இறங்கும் பிரேக்கின் ரப்பர்க் குழாய், இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு போல விறைத்து நின்றது. ஒரு பெரிய பள்ளத்தில் சக்கரம் முழுதும் இறங்கும் ஒவ்வொரு முறையும் அது அப்படித்தான் இழுபட்டிருக்கும். குழாயின் மேல்தோலில், இணைப்புக்குப் பக்கத்தில், மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. அது அறுந்தால் எண்ணெய் வெளியேறும், மிதி தரைவரை போகும். இந்த வண்டியில் இருப்பது பழைய ஒற்றைச் சுற்று அமைப்பு. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே வழியில்தான் அழுத்தம் போகிறது. மலை இறக்கத்தில், பின்னால் சாமை மூட்டைகளோடு, அதன்மேல் ஊருக்குப் போகிறோம் என்று ஏறிக்கொள்ளும் இரண்டு மூன்று பேரோடு.

மைத்துனர் ஒன்றும் பேசவில்லை. வெளியே போய் அந்த லாரி அச்சின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

அந்தக் குழாய் ஒருநாளும் ஒரு ‘டொக்’ கூடச் சொல்லவில்லை. மற்ற நான்கும் சத்தம் போட்டதால்தான் நாங்கள் அதனிடம் போய்ச் சேர்ந்தோம். ‘பழகிடும்’ என்ற சொல்லை நம்பி, அந்தச் சத்தங்களோடு உண்மையிலேயே பழகிப்போயிருந்தால்? வண்டிக்குள் பாட்டின் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டால் எந்தச் சத்தத்தோடும் பழகிவிடலாம். சத்தத்தை அடக்குவதற்கும் சத்தத்தைக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்று எண்ணுகிறேன்.

ஆஸ்திரிய மருத்துவர் லியோபோல்ட் ஔவென்புருக்கர், நெஞ்சை விரலால் தட்டி எழும் ஒலியைக் கொண்டு உள்நோயை அறியும் முறையை 1761இல் வெளியிட்டார். அவர் ஒரு விடுதிக்காரரின் மகன்; பீப்பாயைத் தட்டி உள்ளே மது எந்த மட்டத்தில் இருக்கிறது என்று அறியும் வழக்கம் அவருக்குப் பழக்கமானது. 1816இல் பிரெஞ்சு மருத்துவர் ரெனே லென்னெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதிலிருந்து பிறந்ததுதான் ஸ்டெதஸ்கோப். நீண்ட திருப்புளியின் முனையை இயந்திரத்தில் ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்கும் நம்மூர் மெக்கானிக்குகளும் அதே மரபினர்தாம். பானை வாங்கும்போது சுண்டிப் பார்க்காத பெண்கள் நம் பாட்டிமாரில் உண்டா? தட்டிக் கேட்பதும் உற்றுக் கேட்பதும் நமக்குப் புதியவை அல்ல. கேட்டதும் உடனே பொருளை மாற்றிவிட வேண்டும் என்ற அவசரம்தான் புதிது. உதிரிபாகம் விற்பதில் காசு இருக்கிறது. ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்வதில் காசு இல்லை. மேஸ்திரி அதற்குக் கூலி வாங்கவும் இல்லை. நாங்களும் அதை வேலையாகக் கணக்கிடும் பழக்கமில்லாதவர்கள். கேட்டறியும் உழைப்புக்குக் கூலி கொடுக்காத சமூகம், வேண்டாத பொருளுக்கு இருமடங்கு கொடுக்கும் என்பதற்கு நாங்களே சாட்சி.

*

வண்டியை உயர்த்தலாமா கூடாதா என்று கேட்டால், என் கருத்து இப்போது தெளிவாக இருக்கிறது. கூடாது.

முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் வகுத்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம், அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. இவை எதுவும் எங்களுக்கு அன்று தெரியாது. தெரியாதது சாக்கு அல்ல. படித்தவன் நான் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் சட்டத்தைக் காட்டிலும் எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த உயர்வு தேவையே இல்லாததாக இருந்தது என்பதுதான். கூடுதல் பட்டைகளைக் கழற்றிவிட்டுப் பழைய அடுக்கைத் தனியே தரையில் வைத்து அளந்தபோது, ஆண்டாண்டாகச் சுமை தாங்கிய பட்டைகள் தம் வளைவை இழந்து ஓர் அங்குலத்துக்கு மேல் தாழ்ந்துபோயிருந்தது தெரிந்தது. வண்டி பிறந்த உயரத்தில் இருந்தபோது அதே மலைப் பாதையில் அடிவயிறு இடிக்காமல்தான் போய்வந்திருக்கிறது. அதற்கு வேண்டியிருந்தது இழந்த வளைவு. நாங்கள் கொடுத்தது இல்லாத உயரம். மேஸ்திரி பட்டைகளுக்கு மீண்டும் வளைவேற்றச் செய்தார்; மிகவும் களைத்துப்போன இரண்டை மட்டும் மாற்றினார். ஷேக்கிள் பழைய அளவுக்கு வந்தது. யு போல்ட்டுகள் புதியவை. புஷ்களைத் தரையில் நிறுத்தி இறுக்கினார். டயர் பழைய அளவு. புதிய பிரேக் குழாய். 500 கிலோமீட்டர் ஓடியபின் திரும்ப வரச் சொல்லி யு போல்ட்டுகளை மறுபடி இறுக்கினார். ஷாக் அப்சார்பர்கள் இப்போது சரியான அளவாகிவிட்டன. அவற்றுக்குச் செலவழித்த பணம் மட்டும் வீணாகவில்லை.

‘வயசாயிடுச்சு’ என்ற சொல்லின் அபாயம் எனக்கு இங்கேதான் உறைத்தது. அது காரணத்தைச் சொல்வதைப் போல வந்து, காரணம் தேடுவதை நிறுத்திவிடுகிறது. போன ஆண்டு என் தாயார் முழங்கால் வலி என்று சொன்னபோது நானும் அவரிடம் அதைத்தான் சொன்னேன். எப்போது வலிக்கிறது, ஏறும்போதா இறங்கும்போதா என்று கேட்கவில்லை. ஜீப் வேலை முடிந்த வாரம் கேட்டேன். இறங்கும்போதுதான் என்றார். மருத்துவரிடம் அழைத்துப் போனோம்; அந்த ஒரு சொல்லை அவர் குறித்துக்கொண்டுதான் மேற்கொண்டு பார்த்தார்.

மைத்துனர் இப்போதும் மலையேறுகிறார். சென்ற வாரம் திரும்பி வந்தவர், வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். “மாமா, எடது பக்கம் மெல்லிசா ஒரு ‘கீச்’. வலப்பக்கம் ஒடிச்சாத்தான் வருது. நேரா போனா இல்ல. முப்பது வேகத்துல ஆரம்பிக்குது” என்றார்.

என் மாணவர் எவரும் இதுவரை இவ்வளவு திருத்தமாக ஓர் ஒலிக்குறிப்புக்கு எடுத்துக்காட்டு தந்ததில்லை. இருவரும் தேநீரைக் குடித்துவிட்டுக் கொட்டகைக்குக் கிளம்பினோம்.